மாமரத்து மூட்டில் புல்

ஐயா,

தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பழைய மாமரம் ஒன்று நிற்கிறது. மூட்டை, அதாவது அடிமரத்தைச் சுற்றி வேர்கள் மண்ணுக்கு மேலே எழும்பிக் கிடக்கின்றன. அருகம்புல் பதித்தோம், வெயில் படும் இடத்தில் பிடித்தது, மர நிழலில் மூன்றே மாதத்தில் மெலிந்துவிட்டது. வேரை வெட்டி, மேலே ஒரு அடி செம்மண் போட்டால் சரியாகும் என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து செய்யாதீர்கள். மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு அடி மண் ஏறினால் காற்று போகாது. மரம் உடனே காட்டிக்கொடுக்காது. ஓரிரு வருடம் கழித்து நுனிக்கொம்புகள் காயத் தொடங்கும், அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. மூட்டில் மண் அணைத்தால் இன்னும் கேடு. ஆனி ஆடிச் சாரல் முடிந்து சிறிது நாளில் ஐப்பசி மழை வந்துவிடும் ஊர் நமது. மண்ணுக்குள் புதைந்த பட்டை ஈரம் காயாமலே ஊறி, விரலால் அழுத்தினால் பிய்ந்து வரும் அளவுக்கு அழுகும். தடித்த வேரை வெட்டினாலோ, ஆடிக்காற்றில் மரத்துக்குப் பிடிமானம் இருக்காது.

அருகம்புல் மெலிந்தது வேரால் மட்டுமல்ல. அதற்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். ஒருநாள் உட்கார்ந்து மர நிழலில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால் நர்சரியில் பஃபலோ புல் என்று தரும் அகல இலைப் புல்லைப் பதியுங்கள். அதற்கும் குறைவென்றால் புல் வேண்டாம், சருகே கிடக்கட்டும். காய்ப்பு முடிந்ததும் தாழ்ந்த கொம்புகளைக் கழித்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடும்; ஒரே தடவையில் கால்பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது.

மூட்டிலிருந்து மூன்று அடி வட்டத்தைப் புல்லுக்குக் கொடுக்காதீர்கள். அங்கே மூன்று அங்குலம் சருகு பரப்பினால் போதும், மூட்டைத் தொடாமல். வட்டத்துக்கு வெளியே மண்வெட்டி போடாமல், வேருக்கு இடையிலுள்ள மண்ணைக் கையால் லேசாகக் கிளறுங்கள். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து ஒரு அங்குலத்துக்கு மிகாமல் இடுங்கள். நூறு சதுர அடிக்கு எட்டு கன அடி கலவை பிடிக்கும். ஜூன் மழை பிடித்ததும், புல்தண்டுகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நாலு அங்குல இடைவெளியில் நடலாம். மூன்று வாரம் யாரும் மிதிக்க வேண்டாம்.

புல் பிடித்தபின் பங்குனி, சித்திரை வெயிலில் வாரம் இரண்டு முறை, அரை அடி ஆழம் நனையும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் புல்லின் வேரும் மரத்தின் வேரும் ஈரம் தேடி மேலேயே நிற்கும். நிழல் புல்லை மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டக் கூடாது. இலை குறைந்தால் அதற்குச் சாப்பாடு குறையும். மாவிலை கனமானது, வாரம் ஒருமுறை பெருக்கி அந்த வட்டத்துக்குள் தள்ளிவிடுங்கள். யூரியாவை வெயில் புல்லுக்குப் போடுவதில் பாதி போடுங்கள். அகல இலைக் களைகளைக் கொல்லும் மருந்து மட்டும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம், மாமரமும் அகல இலைச் செடிதான்.