கதிர்வீச்சு பட்ட உலோகத்துக்குச் சோர்வுச் சோதனைக் கருவி: எங்கிருந்து தொடங்குவது?

பாலக்காட்டுச் சித்தூரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: உலோகத்துக்கு மீண்டும் மீண்டும் சுமையேற்றி, எத்தனை சுழற்சியில் முறிகிறது என்று பார்க்கும் வழக்கமான சோர்வுச் சோதனை இயந்திரத்தையே ஈயக் கண்ணாடி பதித்த கதிரியக்க அறைக்குள் வைத்தால் போதாதா?

போதாது, தம்பி. அணு உலையில் நியூட்ரான் தாக்கிய எஃகு தானே கதிர்வீசும். அதைத் தொடுவது, அறைக்கு வெளியிலிருந்து இயக்கும் மேனிபுலேட்டர் என்ற இயந்திரக் கை மட்டுமே. ஆகவே மோட்டாரை விட்டுவிட்டு, மாதிரியை, அதாவது சோதிக்கும் உலோகத் துண்டை, கவ்வும் பிடியிலிருந்து தொடங்குங்கள். கஞ்சிக்கோட்டுப் பட்டறையில் லேத் ஓட்டுபவர் விரல் நுனியால் உணர்ந்து திருகும் சிறு நட்டு அந்த இரும்புக் கைக்குச் சரிப்படாது. மாதிரி மேலிருந்து இறங்கி, தானாக மையத்தில் அமர வேண்டும். அச்சு சற்றே விலகினாலும் வளைவுத் தகைவு (வளைவதால் உலோகத்துக்குள் எழும் அழுத்தம்) கூடி ஆயுள் குறையும். பழியோ கதிர்வீச்சின் மேல் விழும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

கசிவைத் தடுக்க டெஃப்லான் என்ற நெகிழியால் ஆன சீல் வேண்டவே வேண்டாம். கதிர்வீச்சில் விரைவில் நொறுங்கிவிடும். மின்னணுச் சாதனங்கள் வெளியே இருக்கட்டும். ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தால் அதுவும் கதிரியக்கக் கழிவு என்பதால், மின்மோட்டார் அமைப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நொடிக்கு 20 சுழற்சி என்றால் ஒரு கோடி சுழற்சிக்கு ஏறத்தாழ 6 நாள். நடுவில் பழுதானால் உள்ளே போக முடியாது. ஒவ்வொரு பாகமும் தனித்தனியே கழன்று வர வேண்டும். மாதிரி முறிந்த கணமே இயந்திரம் நிற்கட்டும், இல்லையேல் முறிவு முகங்கள் உரசி அழிந்துவிடும்.

முதலில் கதிர்வீச்சு படாத அதே எஃகை, மேனிபுலேட்டராலேயே மாட்டிச் சோதியுங்கள்.