பத்துப் பேர்கூட வராத சின்ன ஊர்த் தேவாலயத்தை இன்னும் திறந்து வைத்திருப்பதில் என்ன அர்த்தம்?

கேட்டவர் வெளிநாட்டில் இருந்து லீவுக்கு ஊருக்குப் போய், ஆலயத்தின் வெறும் வாங்குகளை, அதாவது பெஞ்சுகளை, பார்த்துவிட்டு வந்து கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் கோபிக்க வேண்டாம். ஆனால் கேள்வி எனக்குச் சுட்டுவிட்டது, ஏனென்றால் எங்கள் மெதடிஸ்த ஆலயமும் அந்த நிலைமையில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். ஐயருக்கு, எங்கள் போதகரைத்தான் அப்படிச் சொல்வோம், அவர் பொறுப்பிலுள்ள சேகரத்தில் வேறு ஆலயங்களும் இருப்பதால் எல்லா ஞாயிறும் வர முடியாது, அவர் வராத நாட்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் ஆராதனை நடத்துகிறார். ஓகன் வாத்தியம் வாசிக்க ஆளில்லை, ஒரு அக்கா கீர்த்தனையை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

முந்தி நிரம்பி வழிந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சிறுபிள்ளை, அப்போதே பாதி வாங்கு வெறுமைதான். மின்சாரம் கிடையாது, யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தொட முடியாத விலை. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஜாம் போத்தல் விளக்குப் போகும். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாது. அம்மம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார், அவருக்கு எல்லாம் பாடம்.

ஆலயம் நிரம்பியதை நான் பார்த்தது 1995 இல். ஒக்டோபர் 30 அன்று யுத்தத்தால் யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமப் பகுதி முழுக்க மழைக்குள் இடம்பெயர்ந்ததே, பக்கத்துத் தென்மராட்சிக்குப் போனவர்கள் போக எங்கள் பக்கமும் சனம் வந்தது. வாங்குகளைச் சுவரோடு அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். வந்தவர்களில் அநேகமானோர் சைவக்காரர். ஒரு ஆச்சி தன் திருநீற்றுப் பெட்டியைப் பிரசங்க மேடைப் படியில் வைத்துக்கொண்டு, விடியப் பூசிக்கொண்டு தேவாரம் படிப்பார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஞாயிறுகளில் உள்ளே பிள்ளைகள் படுத்துக் கிடந்ததால் எங்கள் ஆராதனை வெளி விறாந்தையில்தான் நடந்தது, ஐயர் நின்றபடியே பிரசங்கம் செய்தார், பின்பக்கத்தில் கஞ்சிக் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய வருடம் யாராவது வந்து, ஆள் வராத ஆலயம் எதற்கு என்று பூட்டியிருந்தால் அந்தச் சனம் எங்கே படுத்திருக்கும்?

இப்போது ஒருவர் வந்து, வெள்ளைக்காரன் மதம் மாற்றக் கட்டியதுதானே, சோற்றுக்கு மாறினவர்கள்தானே என்று எழுதுவார். தெரியும், பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்த பேச்சு. 1814 இல் வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிமார் இலங்கைக்கு வந்தார்கள், அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். மதம் பரப்பத்தான் வந்தார்கள், நான் மறைக்கவில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடத்தில்தான் ஆறுமுக நாவலரும் படித்தார், பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தார், பிறகு வெளியே வந்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்காக நாவலரை யாரும் சோற்றுக்குப் போனவர் என்று சொல்வதில்லை. அம்மம்மா பிறந்ததே இந்தச் சபையில். அவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

சரி, ஆள் ஏன் குறைந்தது? எங்கள் சபையில் ஆசிரியர் குடும்பங்கள்தான் அதிகம். மிஷன் பள்ளிக்கூடங்களில் வேலை என்பதுதான் அவர்களைச் சபையோடு பிடித்து வைத்திருந்தது. 1960 இல் அப்படி அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களை அரசாங்கமே பொறுப்பெடுத்த பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. அப்புறம் யுத்தம். கொழும்பு, லண்டன், டொரொன்டோ என்று போனார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை, உயிரைக் காப்பாற்றப் போனவர்கள். நானும் கொழும்பில்தான் இருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மிஷன் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் வருடாவருடம் வெளிநாட்டு மண்டபங்களில் இராப்போசன விருந்து வைக்கிறார்கள். மைதானத்துக்குப் பணம் வருகிறது, மதிலுக்கு வருகிறது, மதிலில் பெயர்ப் பலகையும் வருகிறது. நல்லது, பிள்ளைகளுக்குத்தானே. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் படிப்பித்த எங்கள் சபை ரீச்சர் ஒருவர் கடைசிக் காலத்தில் கண் சத்திரசிகிச்சைக்குக் காசில்லாமல் இருந்தபோது, எழுதிய கடிதத்துக்கு ஒரு பதில்கூட வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எனக்கு ஆறவில்லை.

உங்கள் ஊர் ஆலயத்தை மூடுவதா என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் உங்களுக்கு இடம் இருந்தால், முதலில் அந்தப் பத்துப் பேரிடம் போய்க் கேளுங்கள். பக்கத்து ஊர் ஆலயத்தோடு சேரலாமே என்று சொல்வது சுலபம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வருத்தம், ஞாயிறு காலையில் பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. ஜனவரி முதல் ஞாயிறு, புது வருடத்துக்கு எங்களைக் கடவுளுக்கு மறுபடி ஒப்புக்கொடுக்கிற உடன்படிக்கை ஆராதனைக்கு அவர்கள் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தே வருகிறார்கள், அந்தத் தூரம்தான் அவர்களால் நடக்க முடிகிற தூரம்.