பாபநாசம் அணையும் 0.99 என்ற எண்ணும்

அன்புள்ள ஐயா,

பாபநாசம் அணையின் நாளைய நீர்மட்டத்தைக் கணிக்கும் மாடல் ஒன்றைப் பைதானில் எழுதியிருக்கிறேன். பத்தாண்டுத் தினசரி மட்டத்தையும் மழையளவையும் சேர்த்து, மழை பதிவாகாத நாட்களுக்குப் பூஜ்யம் நிரப்பி, வரிகளைக் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரித்தேன். கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் மதிப்பெண் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வருகிறது. அடுத்து டீப் லேர்னிங்குக்குப் போகலாமா? அதற்கு ஜிபியு (கணக்கை வேகப்படுத்தும் சிப்) உள்ள லேப்டாப் வேண்டுமா?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

லேப்டாப் வேண்டாம். பத்தாண்டு என்பது நாலாயிரத்துக்கும் குறைவான வரிகள். இருக்கும் கணினியே தாராளம். டீப் லேர்னிங்கையும் தள்ளி வையுங்கள். இப்படிப்பட்ட எண்களை நம்பி நல்ல பிள்ளைகள் ஏமாறுவதைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முழு நீர்மட்டம் 143 அடியான அந்த அணையில், வெள்ள நாட்களை விட்டுவிட்டால், மட்டம் ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை. 'நாளைக்கும் இன்றைய மட்டமே' என்று ஒற்றை வரியில் எழுதிய நிரலும் ஏறக்குறைய உங்கள் மதிப்பெண்ணையே வாங்கும். அதை எழுதி ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி மகிழ்ச்சியடைந்தீர்கள்? தேதி வரிசையில் வந்த தரவைக் கலைத்தது அதைவிடப் பெரிய பிழை. நவம்பர் 10 சோதனையிலும், 9ஆம் 11ஆம் தேதிகள் பயிற்சியிலும் விழுந்தால் விடை இருபுறமிருந்தும் மாடலுக்குக் கசிந்துவிடுகிறது. கடைசி ஆண்டுகளை முழுதாக ஒதுக்கிவிட்டு, முந்தையவற்றில் மட்டும் பயிற்றுவியுங்கள். மட்டத்தை அல்ல, ஒரு நாளில் அது ஏறி இறங்கும் அளவைக் கணியுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் என் பெரியப்பா காலையில் தினத்தாளைப் பிரித்ததும் அணை நிலவரத்தைத்தான் தேடுவார். மட்டத்தோடு நிற்கமாட்டார்; வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்பதையும் கோடு போட்ட நோட்டில் எழுதி, அவற்றின் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் நாளை முடிவு செய்வார். தாள் வராத நாளின் கட்டத்தை வெறுமையாகவே விடுவார். அவர் ஒருநாளும் அதில் பூஜ்யம் போட்டதில்லை, தம்பி. நீங்கள் போட்டிருக்கிறீர்கள். பதிவாகாத மழையும் பெய்யாத மழையும் ஒன்றல்ல; பெருமழையில் அளவெடுக்க ஆள் போகமுடியாத நாளும் உங்கள் அட்டவணையில் வறண்ட நாளாகத்தான் நிற்கும். கார் சாகுபடிக்கு மடை திறக்கும்போது மட்டம் இறங்குவது வானத்தால் அல்ல, ஓர் உத்தரவால். திறப்பின் அளவைச் சேர்க்காத மாடலுக்கு அது எப்படித் தெரியும்?

தேதியையும் சரிபாருங்கள். வானிலைத் துறையின் மழைக்கணக்கு காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. காயல்பட்டினத்துக்கு 2023 டிசம்பர் 18 என்ற தேதியில் பதிவான 95 சென்டிமீட்டர், முந்தைய நாள் காலையிலிருந்து கொட்டிய மழை. மட்டம் எந்த நேரத்தில் அளக்கப்பட்டது என்று பார்க்காமல் அட்டவணையின் மட்டம், மழை என்ற இரண்டு பத்திகளையும் இணைத்தால், காரணமும் விளைவும் ஒரு நாள் விலகிவிடும்.

அந்த டிசம்பரின் 31 வரிகளை முதலில் ஒவ்வொன்றாகக் கண்ணால் படியுங்கள். பிறகு அந்த மாதத்தைக் காட்டாமலேயே மாடலைப் பயிற்றுவித்து, 16 முதல் 20 வரை அது என்ன கணிக்கிறது என்பதை, அந்த ஒற்றை வரி நிரலின் விடையையும் பக்கத்தில் வைத்து, எனக்கு அனுப்புங்கள்.