வாகனக் கேள்வி – பதில்: டேப்பட் சத்தம்

கேள்வி: என்னுடையது பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சில வாரங்களாக மேலே 'டிக் டிக்' என்று சத்தம். ஒரு மெக்கானிக் "டேப்பட்தான், செட் பண்ணினா போயிடும்" என்கிறார். இன்னொருவர் எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இப்போதைக்கு யாரையும் எஞ்சினில் கைவைக்க விடாதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லை.

வால்வை அழுத்தித் திறக்கும் கை ராக்கர். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியைச் சரிசெய்வதைத்தான் டேப்பட் செட் பண்ணுவது என்கிறார்கள்; அது கூடினால் தட்டும். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒருமுறை திறக்கும். ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) நிமிடத்துக்கு 700 சுற்று ஓடினால் தளர்ந்த டேப்பட் ஒன்று நிமிடத்துக்கு 350 தடவை தட்டும். லேசான, சீரான சத்தம். கீழே, பிஸ்டனின் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் வருவது கனமான 'டொக் டொக்'. வேகமெடுக்கும்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ அது மாறும். பிஸ்டன் ஆட்டம் காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது அதிகம் கேட்கும், சூடானால் அடங்கும். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி ஓடவிட்டால் பேரிங், பிஸ்டன் சத்தம் குறையும். டேப்பட் சத்தத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஏமாற்றுகிற இன்னொன்று, சைலன்சர் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் குழாய்) பேக்கிங் வழியே புகை ஊதுவது. அதுவும் 'டிக் டிக்' என்றுதான் கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் மேனிஃபோல்டு பொருந்தும் இடத்தில் சோப்பு நீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ் வந்தால் வால்வு நிரபராதி.

கடைசிச் சோதனை: டேப்பட் கவரைக் கழற்றி எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் இடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) தகட்டை ஒவ்வொரு வால்விலும் நுழைத்துப் பாருங்கள். எந்த வால்வில் நுழைக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், ஃபேன் பக்கத்திலேயே சுற்றுகிறது.

கேள்வி: நாங்கள் இருப்பது மலையில். டேப்பட் செட் பண்ண ஒவ்வொரு தடவையும் சேலம் இறங்க வேண்டியிருக்கிறது. அம்பாசடருக்கு வீட்டிலேயே செய்யலாமா? அளவு என்ன?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு ஃபீலர் கேஜ், அரை அங்குல ரிங் ஸ்பேனர், பட்டையான ஸ்க்ரூ டிரைவர், புதிய கார்க் பேக்கிங், இவை போதும். நட்டு அங்குல அளவு. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஓரளவு பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் நட்டின் முனையை மழுக்கிவிடும்.

1489 சிசி எஞ்சினுக்கு உள் வால்வு (பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுவது), வெளி வால்வு (புகையை வெளியே விடுவது) இரண்டுக்குமே இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். பட்டறையில் '15 தவ்' என்பார்கள்; ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பின்னாளில் வந்த 1800 இசுசு எஞ்சினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சூட்டில் வைப்பதா, குளிரிலா என்பதற்கு வண்டியோடு வந்த மேனுவலைப் பின்பற்றுங்கள். ஹெட்டும் (எஞ்சினின் மேல்பகுதி) பிளாக்கும் (அதன் உடல்) இரும்பு என்பதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

ஒவ்வொரு வால்வாகச் செட் செய்ய எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றினால் லேசாகச் சுற்றும். எஞ்சினைச் சுற்றும் ஹேண்டில் இல்லையென்றால் சமதளத்தில் டாப் கியர் போட்டு வண்டியைத் தள்ளினால் போதும். இனி ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் போடுங்கள். 1, 4, 5, 8 வெளி வால்வு. மற்றவை உள் வால்வு. 'ஒன்பது கணக்கு' என்று ஒரு வழி உண்டு: எந்த வால்வு முழுதாகத் திறந்து நிற்கிறதோ, அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வரும் வால்வைச் செட் செய்யலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, இப்படியே எட்டும்.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினால் இடைவெளி குறையும். தகடு லேசாக உரசிக்கொண்டே வழுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே நகரும். ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். 14 தவ் தகடு தாராளமாகப் போக வேண்டும், 16 போகக்கூடாது.

கவரை மாட்டும்போது நட்டை மிகையாக இறுக்காதீர்கள். கார்க் பிதுங்கி, ஆயில் மேனிஃபோல்டில் சொட்டி, காருக்குள் வாடை அடிக்கும்.

சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையா? ராக்கர் வால்வைத் தொடும் முனையைப் பாருங்கள். பழைய ராக்கரில் அங்கே குழி விழுந்திருக்கும். பட்டையான ஃபீலர் தகடு அந்தக் குழியின் மேல் பாலம்போல் நிற்கும், உள்ளே எவ்வளவு இடைவெளி என்று அதற்குத் தெரியாது. 15 காட்டும்; உண்மையில் அதைவிடக் கூடுதல். அதற்காக இன்னும் இறுக்காதீர்கள், ராக்கரை மாற்றுங்கள். ஆனால் ராக்கர் ஷாஃப்டை வீட்டில் கழற்ற வேண்டாம். அதைத் தாங்கும் நட்டுகளில் பாதி, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கட்டும் போகும். ரேடியேட்டர் நீரை இறக்கி, எல்லா ஹெட் நட்டையும் வரிசைப்படி தளர்த்திச் செய்யும் வேலை அது.

கேள்வி: கார்புரேட்டர் மாருதி 800. ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஏறும்போது முதல் சில கொண்டை ஊசி வளைவுகளில் 'கிண கிண' என்று சத்தம். ஸ்லோவில் ஒன்றுமே இல்லை. டேப்பட்டை இறுக்கச் சொல்லலாமா?
– வாசகர், கோரிமேடு

பதில்: வேண்டாம். ஸ்லோவில் அமைதி, பாரம் ஏறும்போது மட்டும் கிணுகிணுப்பு என்றால் அது பிங்கிங். சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுக்கடங்காமல் எரிவது. ஏற்காட்டை நெருங்க நெருங்கச் சத்தம் குறைகிறதா பாருங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, சிலிண்டர் அழுத்தம் குறைவதால் அப்படி ஆகும். டேப்பட் சத்தத்துக்கு மலை தெரியாது.

இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) முந்தியிருக்கிறதா என்று டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் படிவு, தவறான பிளக், கூலன்ட் குறைவு இவையும் காரணமாகலாம். அதோடு வளைவுக்குள் மூன்றாவது கியரில் இழுக்காமல், முன்பே இரண்டாவதுக்கு வாருங்கள். இருபது வளைவுகளையும் மூன்றாவதிலேயே ஏறிவிட்டேன் என்று பெருமைப்படுவோர் உண்டு. அவர்கள் பிஸ்டனைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அம்பாசடரை கேஸுக்கு மாற்றி ஓட்டுகிறேன். எஞ்சின் அவ்வளவு அமைதி. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, இழுவையும் இல்லை.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அந்த அமைதிதான் கவலை தருகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000-ல் நின்றது. அந்த ஈயம், வால்வு மூடும்போது வந்து அமரும் சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது. பழைய இரும்பு ஹெட்டில் அது இல்லாமல், கேஸின் உலர்ந்த எரிப்பும் சேர்ந்தால், வெளி வால்வு சீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். இறங்க இறங்க டேப்பட் இடைவெளி குறையும், சத்தமும் குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. வால்வின் சூடு பெரும்பாலும் சீட்டின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூடாத வால்வு கருகிவிடும். தளர்ந்த டேப்பட் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், இறுகிய டேப்பட் சொல்லாமல் கொல்லும்.

ஸ்லோவில் சைலன்சர் வாயில் காகிதத்தைப் பிடியுங்கள். அவ்வப்போது உள்ளே இழுபட்டால் வெளி வால்வு பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்து உறுதி செய்யுங்கள். இடைவெளியை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். அதே வெளி வால்வுகள் திரும்பத் திரும்ப இறுகினால் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கடினமான சீட் இன்சர்ட் (தனியாகப் பொருத்தும் சீட் வளையம்) போடுவதுதான் வழி.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் டேப்பட் சத்தம் போகுமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: கொஞ்சம் அமுங்கும். இடைவெளி அப்படியே இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ராக்கருக்கு ஆயில் ஏறவும் தாமதமாகும். ஃபீலர் கேஜ் வாங்குங்கள், ஆயிலைவிட விலை குறைவு.