கேள்வி பதில்: குறைந்த கட்டணப் பொது கோல்ஃப் மைதானத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: பட்ஜெட் குறைவு. முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும்?

வடிகாலுக்கு. அடுத்து கிரீன்களுக்கு, அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு. மற்றதெல்லாம் அப்புறம். மழை விட்டு இரண்டு நாளாகியும் ஃபேர்வே (முதல் அடிக்கும் கிரீனுக்கும் இடையிலான வெட்டிய புல்வெளி) சொதசொதவென்று கிடந்தால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். உருளாத தரையில் தூரமாக அடிப்பவர் கைதான் ஓங்கும். ஃபேர்வேயில் எங்கும் 2% சரிவாவது இருக்கட்டும். தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எத்தனை பங்கர் (மணல்குழி) வைக்கலாம்?

எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். 55 கஜ அகல ஃபேர்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில், டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) 220 கஜத்தில் ஒரு பங்கர்; கிரீனின் இடது முன்பக்கம் இன்னொன்று. வலப்பக்க மணலை ஒட்டித் துணிந்து அடித்தவருக்கு கிரீன் திறந்து கிடக்கும், பந்தை உருட்டியே ஏற்றலாம். இடப்பக்கம் ஒதுங்கியவருக்குப் பந்து தொலையாது, ஆனால் அடுத்த அடி மணலைத் தாண்டியாக வேண்டும். அந்த ஹோலுக்கு (டீ முதல் குழி வரையிலான ஓர் ஆட்டப்பகுதி) இரண்டே போதும். முதல் பங்கரை 160 கஜத்துக்குக் கொண்டுவந்தால் மாட்டுவது புதியவர் மட்டும்தான். நன்றாக ஆடுபவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

பராமரிப்பையும் யோசியுங்கள். மேட்டுநீர் பங்கருக்குள் இறங்கினால் சரிவிலுள்ள மணல் அரித்து அடியில் சேரும், மண் கலக்கும், வடிகுழாய் அடைக்கும். ஒவ்வொரு மழைக்கும் ஆள் விட்டு மணலை வாரி மேலே ஏற்ற வேண்டிவரும். மேல்விளிம்பில் வரப்பு போல உயர்த்தி நீரைச் சுற்றி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கிரீன் வேகமாக இருந்தால்தான் தரமா?

இல்லை. தயவுசெய்து இந்தப் போட்டியில் இறங்காதீர்கள். கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் பந்து 8, 9 அடி உருளும் கிரீனில் 3% சரிவிலும் குழி வெட்டலாம். மேடும் பள்ளமும் ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கும். 11, 12 அடிக்கு ஏற்றினால் அதே சரிவில் பந்து நிற்காமல் ஓடும். பிறகு கிரீனையே தட்டையாக்கச் சொல்வார்கள். ஒட்ட வெட்டிய புல் வெயிலிலும் நோயிலும் சீக்கிரம் சாகும், செலவும் ஏறும்.

கேள்வி: மொத்த நீளம்?

ஆளைப் பொறுத்தது. டிரைவரில் (தூரமாக அடிக்கும் மட்டை) 200 கஜம் அடிப்பவருக்கு 18 ஹோலுக்கு 5,200 முதல் 5,400 கஜம், 150 கஜம் அடிப்பவருக்கு 3,500 முதல் 3,700 என்பது அமெரிக்க கோல்ஃப் அமைப்புகளின் பரிந்துரை. முன் டீயையும் மற்ற டீ போலவே சமதளமாக, கிரீன் கண்ணுக்குத் தெரியும்படி கட்டுங்கள். பாதையோரம் இரண்டு குறி நட்டுவிட்டு டீ என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: 80 பங்கர் போதுமா?

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃபேர்வேயை அகலமாக்கினால் சுலபமாகிவிடும். நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் பொது மைதானம்தானே? கடினமாக இருப்பதால்தானே கூட்டம்?

2002-இல் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்த அந்த மைதானத்தில், மிகத் திறமையானவர்கள் மட்டும் ஆடவும் என்ற எச்சரிக்கைப் பலகையே உண்டு. ஆனால் அதே வளாகத்தில் இன்னும் நான்கு 18 ஹோல் மைதானங்கள் இருக்கின்றன. ஐந்தில் ஒன்று அப்படி இருக்கலாம். ஊருக்கு ஒன்றே ஒன்று என்றால் கூடாது. அகலம் வேறு, சுலபம் வேறு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் முதல் ஹோலும் 18-ஆவதும் ஒரே ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கேயும் தப்பான பக்கத்திலிருந்து கொடியை நெருங்குவது சிரமம்.

கேள்வி: அப்படியென்றால் ரஃப் (ஃபேர்வே ஓரத்து நெடும்புல்) வளர்த்தாவது சவால் கொடுக்கலாமே?

வேண்டாம். பந்து தேட விதி தருவது 3 நிமிடம். நால்வரில் இருவர் ஒரே ஹோலில் தேடினால் பின்னால் வரும் குழு நின்றுவிடும். கிரீனைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். தவறிய பந்து சரிவில் பல கஜம் விலகி ஓடும். தேர்ந்தவர் பட்டரா (உருட்டும் மட்டை), வெட்ஜா (தூக்கி அடிக்கும் மட்டை) என்று யோசிப்பார்; புதியவர் பட்டரால் தட்டித் தப்பிப்பார்.

கேள்வி: முதல் ஹோல் பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டை ஹோல்) ஆக இருக்கலாமா?

கூடாது. முன் குழு கிரீனை விட்டு இறங்கும்வரை அடுத்த குழு அடிக்க முடியாது. காலையிலேயே நெரிசல் தொடங்கி நாள் முழுக்க நீளும். நான்காவது ஹோலுக்குப் பிறகு வையுங்கள். டீயையும் பெரிதாகக் கட்டுங்கள். பெரும்பாலோர் அயர்னால் (இரும்பு முனை மட்டை) அடிப்பதால் புல் பெயர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: எந்த பிராண்ட் கிளப் (மட்டை) வாங்கலாம்?

என் துறை இல்லை. கிளப் ஃபிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கிரீன் வேகம் 12 வைத்தால்…

மூன்றாவது பதில்.

கேள்வி: 9 ஹோலுக்குத்தான் இடம் இருக்கிறது. பிரயோஜனம் உண்டா?

தாராளமாக. ஃபுளோரிடாவின் வின்டர் பார்க் நகர மைதானம் 9 ஹோல்தான். 2016-இல் புதுப்பித்த பிறகு நாடு முழுக்கப் பேசப்பட்டது. உங்கள் இடத்தில் ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு டீ கட்டுங்கள், கோணம் மாறட்டும். இரண்டாவது சுற்றில் 400 கஜ ஹோல் 320 ஆகும்போது கையில் எடுக்கும் கிளப்பே மாறிவிடும்.