பழைய ரேடியோ திகில் நாடகத்துல அப்படி என்னதான் இருக்கு?

படமே இல்லாம வெறும் சத்தத்துல என்ன பயம் வரும், பழைய அமெரிக்க ரேடியோ நாடகத்தையெல்லாம் இன்னும் யாரு கேக்கறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் கேக்கறேன். நீங்க அனேகமா பட்டப்பகல்ல போனை நோண்டிக்கிட்டே கொஞ்ச நேரம் கேட்டுட்டு மூடியிருப்பீங்க, அப்படிக் கேட்டா எனக்குமே போரடிக்கும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப ஸ்லீப்பர் பஸ்ல அப்பர் பெர்த், ஸ்கிரீனை இழுத்துவிட்டா கும்மிருட்டு. 'கொயட், ப்ளீஸ்' தொடர்ல 1948ல வந்த 'தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்ட்' போட்டேன். எண்ணெய்க் கிணறு தோண்டுன ஒரு ஆளு, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட பேசற மாதிரி நேரா நம்மகிட்டயே கதை சொல்றாரு. பூமிக்குள்ள அவ்ளோ ஆழத்துலருந்து எடுத்த பாறைக்குள்ள ஒரு மோதிரம் இருக்கு, அங்க யாரு போய் மோதிரம் போட்டிருப்பா? அப்புறம் டெரிக்ல, அதாவது கிணத்து மேல நிக்கற கோபுரத்துல, உசரத்துல இருக்கற பலகை மேல என்னமோ ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாது, சின்னப் புள்ள மாதிரி அழுவுது. நான் இயர்போனைக் கழட்டிட்டு கீழ் பெர்த்துல குழந்தை ஏதாச்சும் இருக்கான்னு எட்டிப் பாத்தேன், ஒரு பெரியவர் குறட்டை விட்டுட்டிருந்தாரு. அந்தக் குரலைக் குடுத்தது செசில் ராய்னு ஒரு நடிகை. முடிவை மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பாத்து எதிர் பெர்த்துக்காரர் ஸ்பீக்கர்ல ரீல்ஸ் போட ஆரம்பிச்சாரு. கிளீனர்கிட்ட சொன்னா "அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்"ங்கறாரு. பண்டிகை நேரத்துக்கு ரெண்டு மடங்கு டிக்கெட் வாங்கறப்ப நாங்க அட்ஜஸ்ட் பண்ணலையா? அது கிடக்கட்டும்.

நாஸ்டால்ஜியான்னு சொல்லிட்டு யாராச்சும் கமெண்ட்ல வருவீங்க, தெரியும். 1948ல எங்க தாத்தாவுக்கே மீசை முளைக்கல, எனக்கென்னங்க நாஸ்டால்ஜியா? எல்லாமே பிரமாதம்னும் நான் சொல்லல, பாதிக்கு மேல ஆர்கன் வாசிச்சே உசிர வாங்குவாங்க. ஆனா 1934ல சிகாகோல ஆரம்பிச்ச 'லைட்ஸ் அவுட்' நாடகத்துல தலை வெட்டற சத்தத்துக்கு முட்டைக்கோஸை வெட்டுனாங்க, கரன்ட்ல ஆள் கருகற சத்தத்துக்கு பன்னிக்கறிய வறுத்தாங்க. இதெல்லாம் தெரிஞ்சும் அந்தச் சத்தம் வர்றப்ப வயிறு கலங்குது, ஏன்னா வெட்டுப்படற கழுத்தை நம்மளேதான் மனசுக்குள்ள வரைஞ்சுக்கறோம், எந்த கிராபிக்ஸ் கம்பெனிக்கும் நமக்கு எது பயம்னு நம்மளவுக்குத் தெரியாது.

பேய் வேணாம், விண்வெளிக் கதைதான் வேணும்னா 1955ல வந்த 'எக்ஸ் மைனஸ் ஒன்' தேடுங்க. இங்கிலீஷ் புரியாதோன்னு பயப்படாதீங்க, அந்தக் காலத்து நடிகருங்க இப்ப வர்ற சீரிஸ் மாதிரி வாய்க்குள்ள முனக மாட்டாங்க.