பன்னிரண்டு பேருடன் ராமேஸ்வரத்தில் ஸ்கூபா: சான்றிதழ் அவசியமா?

கேள்வி: அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ராமேஸ்வரம் பக்கம் ஸ்கூபா டைவிங் போக ஆசைப்படுகிறோம். பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. சான்றிதழ் வாங்கித்தான் ஆக வேண்டுமா, நேரே போய் இறங்கிவிடலாமா? எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்:

கேட்டவர்தான் ஏற்பாட்டாளர் என்று வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப் குழு தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் வருவதாகச் சொல்லியிருப்பார்கள். "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், விலையைக் குறைத்துத் தருவார்" என்று ஒருவர் ஓர் எண்ணையும் அனுப்பியிருப்பார். அந்த எண்ணை அழைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பயிற்றுநரின் பிடியில் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சான்றிதழ் தேவையில்லை. அது அறிமுக டைவ், 12 மீட்டருக்கு மேல் அழைத்துப் போகக் கூடாது. முடிந்ததும் உங்கள் பெயர் போட்டு வண்ணத்தாள் ஒன்று தருவார்கள். அதைச் சான்றிதழ் என்று நம்பி அந்தமானில் காட்டியவர்களை எனக்குத் தெரியும். அது வெறும் நினைவுச் சின்னம். உண்மையான முதல் நிலைச் சான்றிதழ் 'ஓபன் வாட்டர் டைவர்'. 'பாடி' (PADI), 'எஸ்.எஸ்.ஐ.' (SSI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகள் வழங்குகின்றன. பாடமும் தேர்வும் உண்டு, அலையில்லாத ஆழம் குறைந்த நீரில் பயிற்சி உண்டு, பிறகு கடலில் நான்கு டைவ்கள். அதை முடித்தால் சான்றிதழ் பெற்ற இன்னொருவரைத் துணையாகக் கொண்டு 18 மீட்டர் வரை இறங்கலாம். சான்றிதழ் காலாவதியாவதில்லை. நீண்ட இடைவெளி விட்டால் மட்டும் ஒரு மறுபயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். "நேரே போய் இறங்கிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் நிறுத்த முடியவில்லை.

நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊர்க்காரி. என் தந்தை சங்கு குளித்தவர். அவருக்கு இடது காது கேட்காது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இறங்கி இறங்கிச் செவிப்பறை கிழிந்தது, ஆறியது, மறுபடியும் கிழிந்தது. அந்தக் காலத்தில் அதைத் தொழிலோடு வருவது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "உங்கள் அப்பா சான்றிதழ் வாங்கியா குளித்தார்?" என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என் தந்தை மேலே இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு ஏறியவர். கீழே போகும்போது நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும். ஸ்கூபாவில் அப்படியில்லை. சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை ஆழத்திலேயே இழுக்கிறீர்கள். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு பதற்றத்தில் மேலே பாய்ந்தால் அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி எழுந்தால்கூட நுரையீரல் கிழியலாம். ஆகவே "ஆழமில்லாத கடல்தானே" என்பது எனக்குப் பதிலாகாது. பின்னாளில் சிலர் கம்ப்ரசரில் குழாய் மாட்டி, எந்தப் பயிற்சியும் இல்லாமல், நெடுநேரம் கீழேயே இருந்து சங்கு எடுத்தார்கள். அப்படிப் போய்க் கைகால் விளங்காமல் வீட்டோடு கிடப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அழுத்தக் காற்றைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி என் அனுபவம். மதுரையில் என் அலுவலகத்திலும் இப்படித்தான் ஒரு கூட்டம் கிளம்பியது. கடற்கரைக்காரி என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் பேசிய டைவிங் நிறுவனக்காரரிடம் மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். "படகில் ஏறும்போது கையெழுத்துப் போட்டால் போதும் மேடம். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று குறித்துவிடுங்கள்" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அந்தப் படிவம் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று கேட்கிறது. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். அதைப் படகில் வைத்தா செய்ய முடியும்? அடுத்துப் பேசிய பயிற்றுநர் தன் உறுப்பினர் எண்ணைத் தயங்காமல் கொடுத்தார். அமைப்பின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டே முன்பணம் கட்டினேன். நீச்சல்குளத்தில் செய்யும் பயிற்சியை மதுரையிலேயே முடித்துக்கொண்டோம்.

பணம் வசூலிக்கும்போது ஒரு நிபந்தனை போட்டேன். உடல்நலம் காரணமாகவோ பயத்தாலோ எந்த நிமிடத்தில் யார் விலகினாலும் அவருடைய நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சிலர் முணுமுணுத்தார்கள். "வராதவனுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். நான் மாற்றவில்லை.

கடலுக்குப் போன காலையில் அந்த நிபந்தனைதான் கைகொடுத்தது. கணக்குப் பிரிவு அக்கா ஒருவருக்குச் சளி. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டார். இரண்டு மூன்று மீட்டர் இறங்கியதும் காது அடைத்து, வலி தாளாமல் மேலே வந்தார். படகில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "மூக்கைப் பிடித்து இன்னும் பலமாக ஊதுங்கள் அக்கா." "இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா?" "பணம் கட்டியாகிவிட்டதே." ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவும் கூட்டத்துக்குப் பாரமாகிவிடுவோமோ என்று கூசி மறுபடியும் மாஸ்க்கை எடுத்தார். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். அடைத்த காதைத் திறக்கப் பலமாக ஊதினால் உட்காதுவரை சேதமாகலாம். மாத்திரையின் வேலை ஆழத்தில் இருக்கும்போது முடிந்துவிட்டால் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் பாடத்திலேயே இருந்தது. பயிற்றுநரும் என் பக்கம் நின்றார். என் டைவை விட்டுவிட்டு அக்காவோடு படகில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்காக என்னை இன்றும் குறை சொல்கிறவர்கள் அலுவலகத்தில் உண்டு. சொல்லட்டும். அக்காவுக்கு இரண்டு காதும் கேட்கிறது. என் வீட்டில் அப்பா, யாராவது இடது பக்கம் நின்று பேசினால் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு மாதிரி நடந்துகொள்ள முடியாது. நீங்கள் ஏற்பாட்டாளர் என்றால் லாட்ஜ், வேன், சாப்பாடு எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இறங்க மாட்டேன் என்று சொல்பவரைக் கூட்டத்திடமிருந்து காப்பது உங்கள் வேலை.

இடத்தைப் பற்றிச் சில விஷயங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று படகுக்காரர் சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பவளப்பாறை பெரும்பாலும் ஆழம் குறைந்த இடங்களில்தான் இருக்கிறது. நீர் கலங்கியிருந்தால் சில மீட்டருக்கு அப்பால் தெரியாது. அந்தமான் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து இங்கே ஏமாந்தேன் என்று எழுதாதீர்கள். இந்தப் பவளம் 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளிறி, ஒரு பகுதி செத்துப்போன பவளம். காலில் மாட்டும் துடுப்பு (ஃபின்) பட்டாலே உடையும். உதிர்ந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

காலமும் முக்கியம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடைக்காற்றில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கலங்கும். எங்கள் ஊரில் தெற்கை ஆண் கடல், வடக்கைப் பெண் கடல் என்பார்கள். இரண்டும் ஓரளவு அடங்கியிருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் போன படகில் சிலிண்டர் தூக்கியவன் எங்கள் ஊர்ப் பையன். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தண்ணீரைப் பார்த்தே சொன்னான். பயிற்றுநராக அவனால் முடியாது, ஏனென்றால் படிப்பதற்கான கட்டணம் அவன் வீட்டின் பல மாத வருமானம். எங்களுக்குத் தந்த பாடநூலும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊர்ப் பெண்கள் துணியை விரலில் சுற்றிக்கொண்டு நாளெல்லாம் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களை டைவர் என்று ஒருவரும் அழைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் சுமார் 237 கிலோமீட்டர் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துடையது. அதைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லியே பழகிவிட்டார்கள். இங்கே ஒரு கடலோரப் பள்ளியிலாவது டைவிங்கைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, சான்றிதழுக்கு அரசு பணம் கட்டினால் என்ன? பயிற்றுநர்களின் மீது எனக்குக் கோபமில்லை, அவர்களும் காசு செலவழித்துப் படித்தவர்கள்தான்.

உங்கள் பன்னிரண்டு பேருக்கு வருகிறேன். மூன்றாகப் பிரியுங்கள். நீச்சல் தெரிந்து ஆர்வமும் உள்ளவர்கள் சான்றிதழ் படிப்பில் சேரட்டும். ஆசை மட்டும் உள்ளவர்கள் அறிமுக டைவ் செய்யட்டும். ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது. மற்றவர்கள் உயிர்காப்பு உடையோடு ஸ்நார்க்கலிங் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியாக மூச்சு விட்டுக் கீழே பார்ப்பது) செய்யட்டும், அல்லது கரையில் இருக்கட்டும். எல்லோரும் ஒரே படகில் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மதுரையிலிருந்து விமானம் ஏறுகிறவர் இருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்கட்டும். படிப்பில் சேருபவர்கள் நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். பிப்ரவரியில் போவதாக இருந்தால் நீச்சல் வகுப்புக்கு இந்த மாதமே பெயர் கொடுத்துவிடுங்கள்.